தங்க வயலில் தளரும் இதயங்கள்

புது தில்லி: கோலார் தங்க வயலில் குவிந்து கிடக்கும் 13 சயனைடு மண்மேடுகளில் மிஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மண்ணில் எஞ்சிய தங்கத்துக்குக் கணக்குப் பார்க்கும் அரசுகள், அதைத் தோண்டியவர்களின் உடலில் எஞ்சிய நோய்க்கு எப்போது கணக்குப் பார்க்கப் போகின்றன?

வடக்கே பாலகாட் முதல் நந்திதுர்க், ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் சுரங்கம் வரை உழைத்தவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம், தருமபுரி பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். பாறையைத் துளைக்கையில் பறந்த சிலிக்கா துகள் அவர்களது நுரையீரலில் படிந்தது. 'சிலிகோசிஸ்' எனும் அந்நோயை 1940-களிலேயே மருத்துவர்கள் இங்கு பதிவு செய்துவிட்டனர். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ல் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஆனால், நுரையீரலில் படிந்த தூசு வேலையோடு போய்விடுவதில்லை.

மூச்சிலிருந்து இதயத்துக்கு...

தழும்பேறிய நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்கிறது, கால் வீங்குகிறது, நாலடி நடந்தால் மூச்சிரைக்கிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பழைய மாரடைப்பு ஆகியவற்றால் இதயம் தளர்ந்தவர்களுக்கும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தான். மூச்சிரைப்புக்குக் காரணம் நுரையீரலா, இதயமா என்பதைப் பிரித்தறிய எக்கோ பரிசோதனையும் அதைப் படித்தறியும் நிபுணரும் தேவை. சிகிச்சை முறை அதைப் பொருத்தே மாறும்.

அதற்காகப் பலரும் நாடுவது சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவை. அங்குள்ள ஜெயதேவா இதயநோய் நிறுவனத்தில் மாநிலம் முழுவதிலுமிருந்து நோயாளிகள் குவிகின்றனர். ஒருநாள் சென்று திரும்பினால் முடிந்துவிடும் நோயும் அல்ல இது. மருந்தின் அளவைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். அவ்வப்போது சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியம் அளவையும் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் உடல் எடை இரண்டு கிலோ கூடினால், உடலில் நீர் தேங்குவதாகப் பொருள். உடனே மருத்துவரைப் பார்க்காவிடில் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் போய் நிற்க நேரும்.

அரசின் திட்டங்கள் இல்லாமல் இல்லை. திடீர் மாரடைப்புக்குத் தாலுகா மருத்துவமனையிலேயே ஊசி போடும் புனித் ராஜ்குமார் இருதய ஜோதி திட்டம் கர்நாடகத்தில் உள்ளது. 70 வயது கடந்த அனைவருக்கும் 2024-ம் ஆண்டு அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத், ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு தருகிறது. ஆனால், அது அடிப்படையில் படுக்கையில் சேர்ந்தவர்களுக்கான காப்பீடு. சேராமல் காக்கும் மாதாந்திர மருந்து, பரிசோதனை, பயணம் ஆகியவை நோயாளியின் பொறுப்பு. 2014-ல் நிர்ணயிக்கப்பட்ட ரூ. 1,000 குறைந்தபட்ச ஓய்வூதியத்தில் இவற்றைச் சமாளிப்பது எப்படி?

வழி இருக்கிறது

சுரங்கம் மூடப்பட்டபோது முடங்கிய நிறுவன மருத்துவமனை, 2021-ம் ஆண்டு மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின்போது சில வாரங்களிலேயே துப்புரவு செய்யப்பட்டு சிகிச்சை மையமாயிற்று. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. அங்கோ அரசு மருத்துவமனையிலோ வாரம் ஒருநாள் இதய, நுரையீரல் நிபுணர்கள் வந்து பார்ப்பதும், எக்கோ வசதி செய்வதும், மருந்துகளை உள்ளூரிலேயே வழங்குவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

நிதிக்கும் சட்டத்தில் இடமுண்டு. சுரங்கப் பகுதி மக்களின் நலனுக்காக 2015-ல் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைகளில் சுகாதாரம் முன்னுரிமைச் செலவினம். மண்மேடுகளிலிருந்து உரிமத்தொகை வரத் தொடங்கினால் அதன் முதல் பங்கு இங்கேதான் சேர வேண்டும். சிலிகோசிஸ் சான்று பெற்ற தொழிலாளர்களுக்கு இழப்பீடும் ஓய்வூதியமும் வழங்க 2019-ல் ராஜஸ்தான் வகுத்த கொள்கையும் முன்னுதாரணமாக உள்ளது.

தங்க வயல் இன்றும் மத்திய சுரங்க அமைச்சகத்தின் பொறுப்பு. மண்மேடுகள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். தளர்ந்த இதயங்களால் அவ்வாறு காத்திருக்க இயலாது என்பதை தில்லி உணர வேண்டும்.