முதல் தவறு யார் உடம்பில்?

"மேலுக்குச் சொகமில்ல" என்றுதான் அத்தை சொன்னாள். தாராவியில் நாற்பது வருஷம் குடியிருந்தும் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றில் அவள் கட்டிலைச் சுற்றி எட்டு மாணவர்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். ஐந்தாவது கை பட்டபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வேறு எங்கே போய்க் கற்பார்கள்? அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

பம்பாயில் 1845-இல் கிராண்ட் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, அதை ஒட்டியே ஜே.ஜே. மருத்துவமனையும் எழுந்தது. கல்லூரிக்கு நோயாளிகள் வேண்டும், ஏழைகளுக்கு வைத்தியம் வேண்டும். 1926-இல் பரேலில் ஜி.எஸ். கல்லூரியும் கே.இ.எம். மருத்துவமனையும், 1964-இல் சயானில் லோகமான்ய திலகர் பெயரிலான மாநகராட்சிக் கல்லூரியும் அதே வழியில் வந்தன. வைத்தியத்துக்கு ஈடாக ஏழை தன் உடம்பைப் பாடமாகக் கொடுத்தார். யாரும் கையெழுத்திடாத ஒப்பந்தம் அது. இந்த நகரத்தின் பெரிய டாக்டர்கள் பலரின் கை பழகியது அந்தக் கட்டில்களில்தான். பணம் உள்ளவர் தனி அறைக்குப் போனார். அவர் வயிற்றை எட்டுப் பேர் அமுக்கவில்லை.

உயிருள்ள உடம்பைத் தொடுமுன் வேறொன்றில் பழக வேண்டும் என்பது இந்த மண்ணில் மிகப் பழைய எண்ணம். சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அறுக்கப் பழகுபவன் முதலில் பூசணியையும் சுரைக்காயையும் வெள்ளரியையும் அறுக்க வேண்டும். நீர் நிறைத்த தோல்பையைக் கீறிப் பார்க்க வேண்டும். ரத்தக் குழாயைத் திறக்கப் பழகத் தாமரைத் தண்டு, தையலுக்குத் துணி, கட்டுப் போடத் துணியால் செய்த மனித உருவம். நூல் எல்லாம் கற்றவனும் கை பழகாவிட்டால் தகுதி இல்லாதவன் என்பது சுஸ்ருதரின் தீர்ப்பு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் மேடம் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் பிரசவப் பொம்மை செய்து ஊர் ஊராகப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹவர்ட் பாரோஸ், நரம்பு நோயாளிபோல் நடிக்க ஒரு பெண்ணைப் பழக்கி மாணவர்கள்முன் உட்கார வைத்தார். அந்த வரிசையில் இன்று வந்து நிற்பவர்தான் கணினித் திரையில் தெரியும் மெய்நிகர் நோயாளி.

அவரிடம் மாணவன் கேள்வி கேட்கிறான், என்ன பரிசோதனை வேண்டும் என்று சொல்கிறான், மருந்தைத் தேர்கிறான். தவறான வழியில் போனால் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூச்சு திணறுகிறது. அவர் இறந்தே போனாலும் மாணவன் முதலிலிருந்து தொடங்கலாம். இப்படிப்பட்ட நோயாளி பேச்சுப் பழகுவதைவிட, நோயை ஊகித்து முடிவெடுக்கும் சிந்தனையைப் பழகத்தான் அதிகம் பொருந்துவார் என்று 2009-இல் டேவிட் குக், மார்க் ட்ரையோலா இருவரும் எழுதினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. முதலாண்டுப் பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான். காலையில் இதயத்தின் வால்வுகளைப் பிணத்தில் பார்த்தவன், மாலையில் அந்த வால்வு சுருங்கிய ஒருத்தி ஏன் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறாள் என்று திரையில் தேடட்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திக்கச் சொல்கிறது, ஒவ்வொரு கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்கிறது. கதவு திறந்துவிட்டது.

வார்டுக்குப் பதிலாகத் திரை போதும் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் கொரோனாவால் கல்லூரிகள் மூடியபோது திரையே வகுப்பானது. காய்ச்சல்காரரின் நெற்றிச் சூட்டை எந்தத் திரையாலும் காட்ட முடியவில்லை. நான் கேட்பது வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான். முதல் பத்துத் தவறுகள் திரையில் நடக்கட்டும், பிறகு மாணவன் அத்தையிடம் வரட்டும்.

ஆனால் அந்தத் திரை நோயாளி என்ன மொழியில் பேசுவார்? "மூன்று நாளாக மேல்வயிற்றில் எரிச்சல்" என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொல்லும் நோயாளியை மட்டுமே பார்த்துப் பழகியவன், நெஞ்சு கரிக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது, வாயு பிடித்திருக்கிறது என்று அடுக்குகிற பெண்ணின் முன் திகைத்து நிற்பான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் புரிந்துகொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்தவர், தமிழ் கற்று, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். மும்பையிலோ ஒரே வரிசையில் மராத்தி, இந்தி, தமிழ், உருது. சயான் கல்லூரியின் நகர்ப்புற சுகாதார மையம் தாராவியிலேயே இருக்கிறது. சின்ன சயான் என்று சனங்கள் சொல்வார்கள். அங்கே ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் ஒரு வருஷப் பாடத்துக்கான வாக்கியங்கள் காதில் விழும்.

அவற்றை ஏற்கெனவே மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். தாராவியின் 90 அடி சாலைப் பக்கத்திலிருந்து அம்மாவையோ ஆச்சியையோ கூட்டிவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "மேலுக்குச் சொகமில்ல" என்பதை டாக்டருக்கு இந்தியில் எப்படிச் சொல்வது என்று பத்து வயதிலேயே அவர்கள் கற்றுவிடுகிறார்கள். மெய்நிகர் நோயாளிக்கு வசனம் எழுத உட்காரும் பேராசிரியர்கள், பக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.