பத்தியக் கொப்பியின் வெற்றுப் பக்கம்

எமது மேசை இழுப்பறையில் எண்பது பக்கங் கொண்ட அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கின்றது. அதன் முதற் பக்கத்தில், சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் எழுதிய வாசகம் இது: "நிறை 84.5 கிலோ. இன்று தொடக்கம் இரவிற் சோறில்லை, பிட்டில்லை. பகலில் ஓர் அகப்பை." அன்றைய கையெழுத்தில் ஒரு மிடுக்குத் தெரிகின்றது. பக்கங்கள் செல்லச் செல்ல அம்மிடுக்குத் தேய்வதைக் கண்டால் வாசகர் நகைப்பர்.

கொப்பி எழுத நேர்ந்த காரணமோ நகைப்புக்குரியதன்று. அதற்கு முந்திய மார்கழியிற் செய்த இரத்தப் பரிசோதனையில், மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண் 6.3 என வந்தது. 6.5 ஐத் தொட்டால் நீரிழிவு என்பர் வைத்தியர், 5.7 இற்குக் கீழே நின்றால் அச்சமில்லை. இடையில் நிற்பவர் எல்லைக் கோட்டில் நிற்பவர். இலங்கையில் வளர்ந்தோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. எம் தந்தையார் அவர்களில் ஒருவர். வலது பாதத்தை இழந்தபின், தம் கடைசி இரண்டாண்டுகளையும் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையிற் கிடந்து வாவியைப் பார்த்தே கழித்தார். அந்தக் கதிரை இன்றும் எம் வீட்டில் இருக்கின்றது. அதில் அமர எமக்கு மனம் வருவதில்லை.

மாப்பொருளைக் குறைத்து உண்ணுதல் எம் மட்டக்களப்பில் எளிதா, கடினமா? இரண்டுமாம். மீன்பாடும் தேன்நாடு என்பர். பாடும் மீன் கிடக்கட்டும், உண்ணும் மீனைப் பற்றியே இங்கு பேச்சு. வாவி தரும் மீனிலும் இறாலிலும் நண்டிலும் மாப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். கூனி இறாற் சுண்டலும் முருங்கையிலை வறையும் எவ்வளவு உண்டாலும் கணக்குக் குழம்பாது. எருமைத் தயிரும், அதன்மேற் சீனியோ தேனோ விழாதவரை, நல்ல துணை. ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் வயல். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாப்பொருள். நாம் வழமையாக ஒரு வேளைக்கு உண்ணும் சோற்றை ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தோம்: 420 கிராம்! ஏறத்தாழ 118 கிராம் மாப்பொருள் ஒரே தட்டில். அன்றுவரை நாம் அளவாய் உண்பவர் என்றே எண்ணியிருந்தோம்.

முதல் வாரம் 2.3 கிலோ குறைந்தது. கந்தோரில் இதைச் சொல்லாத ஆளில்லை. இரண்டாம் வாரம் குறைந்தது 300 கிராம். மூன்றாம் வாரம், ஒரு பருக்கையும் மிகையாக உண்ணாதிருக்க, 400 கிராம் ஏறியது. தராசிற் குற்றங் கண்டோம். அதைத் திண்ணைக்கும் அறைக்குமாக மாற்றி மாற்றி வைத்தோம். உண்மையில் தராசிற் பிழையில்லை. உடல் தன் அவசரத் தேவைக்காக ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளைச் சேமித்து வைக்கின்றது. அது வளர்ந்தவர் ஒருவரிடத்தில் 400, 500 கிராம் அளவில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரையும் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்தவுடன் முதலிற் கரைவது இச்சேமிப்பே. நாம் கந்தோரிற் பறைசாற்றிய 2.3 கிலோவிற் பெரும்பகுதி வெறுந் தண்ணீர்!

இத்தகைய கணக்கை முதன்முதல் ஊரறிய எழுதியவர்களுள் ஒருவர் வில்லியம் பாண்டிங் என்னும் இலண்டன் வாசி. இறந்தோரின் அடக்கச் சடங்குகளை ஏற்று நடத்துவது அவர் தொழில். காது மந்தமானது என்று காது வைத்தியரான வில்லியம் ஹார்வியிடம் சென்றார்; அவரோ பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் முதலியவற்றை விடும்படி கூறினார். 1862 ஆகஸ்டு மாதத்தில் 202 இறாத்தலாயிருந்தவர் ஓராண்டில் 156 இறாத்தலானார். 1863 இல் தம் அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டு முதலில் இலவசமாகவே வழங்கினார். அதில் உள்ள நிறை அட்டவணையைப் பார்த்தோம். ஏறக்குறைய மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஓர் எண். பெரும்பாலும் இரண்டு மூன்று இறாத்தல் இறக்கம். ஏற்றம் ஒன்றேனும் இல்லை! இடைப்பட்ட நாட்களில் அவர் தராசில் ஏறினாரோ, ஏறி வருந்தினாரோ, அட்டவணை சொல்லவில்லை. நாம் நாள்தோறும் ஏறி நாள்தோறும் வருந்திக் கொண்டிருந்தோம். அன்று முதல் வெள்ளிக்கிழமைக் காலையில் மட்டும் நிறை பார்ப்பதென்று வைத்துக் கொண்டோம்.

அடுத்து ஒரு சறுக்கல். குரக்கன் நல்லதென்று யாரோ சொல்ல, மாசி மாதம் முழுவதும் இரவிற் குரக்கன் பிட்டு உண்டோம். நல்லதுதானே என்று இரு மடங்காகவே உண்டோம். நிறை அசையவில்லை. குரக்கன் மாவிலும் 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாப்பொருள். நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகமாதலால் அரிசி மாவிலும் சிறந்ததேயன்றி, அளவின்றி உண்ணத் தக்கதன்று. சிவப்பரிசிக்கும் இதுவே விதி.

வைகாசி பிறந்தபோது 80.6 கிலோவில் நின்றோம். அம்மாதம் எம் பகுதியிற் கண்ணகை அம்மன் கோயில்களிற் கதவு திறந்து, சடங்கு நடந்து, திருக்குளிர்த்தியோடு நிறைவுறும் காலம். உறவினர் வீடுகளுக்குப் போக்குவரத்து மிகும். எம் தமக்கையார் படுவான்கரையில் வாழ்பவர். மண்முனையில் 2014 இற் பாலம் திறந்த பின்னர் அவர் வீடும் அவர் வீட்டுச் சோறும் எமக்கு மிக அண்மையில் வந்துவிட்டன.

கொப்பியில் இவ்விடத்திற் பதினொரு நாட்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. இந்த வெற்றுப் பக்கத்தை முதலிற் கண்டவள் உயர்தர வகுப்பிற் கற்கும் எம் மகள். "அப்பா, இந்தப் பதினொரு நாளும் எங்கே?" என்று கேட்டாள். சாக்குச் சொன்னோம். "பரிசோதனை பிழைத்தாலும் அளந்ததை எழுத வேண்டும் என்று எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் சொல்லுவார்" என்றாள். நினைவிலிருந்ததை அவள் கேட்கக் கேட்கச் சொன்னோம். பொங்கல், பாற்சோறு, சீனி கலந்த தயிர் என்று அவளே எழுதினாள். எழுதி முடித்தபோது ஒன்று புலனாயிற்று. எமக்குப் பசித்து விதி மீறிய நாட்கள் இரண்டே. ஏனைய ஒன்பது நாளும் பிறர் வீட்டிற் கைநீட்டி மறுக்க இயலாமையால் மீறியவை. எம் பகை சோறென்று நான்கு மாதமாக நினைத்திருந்தோம். அந்த வெள்ளி தராசு 82.0 காட்டியது.

அடுத்த ஞாயிறு தமக்கையார் வீட்டிற் சோற்றை மறுத்தோம். அவர் முகம் வாடியது. "தம்பி, நம்மட வீட்டுச் சோறு உனக்கு நஞ்சாப் போச்சோ?" என்றார். தந்தையாரின் பாதத்தை நினைவூட்டி, 6.3 என்னும் எண்ணையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு அடுக்களைக்குள் சென்று, பொரித்த மீன் இரண்டையும் ஒரு சட்டித் தயிரையும் கொணர்ந்து வைத்தார். தாமும் இரண்டாண்டாய்க் குளிசை உட்கொள்வதை அன்றுதான் எமக்குச் சொன்னார்!

இதனைப் படித்து எவரும் நாளையே சோற்றை நிறுத்திவிட வேண்டா. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ பாவிப்பவர் உணவை மட்டும் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். மருந்தின் அளவை வைத்தியரே மாற்றவேண்டும். தமக்கையாரையும் முதலில் வைத்தியரிடமே அனுப்பினோம். மேலும், இம்முறை ஒன்றே வழி என்பதும் உண்மையன்று. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் மாப்பொருளையும் மறு பிரிவினர் கொழுப்பையும் ஓராண்டு குறைத்து உண்ணச் செய்தனர். 2018 இல் வெளியிட்ட முடிவின்படி முன்னவர் சராசரி 6.0 கிலோவும் பின்னவர் 5.3 கிலோவும் இழந்தனர், கருதத்தக்க வேறுபாடில்லை. பணப்பையையும் நோக்க வேண்டும். சோறு மலிவு; மீனும் முட்டையும், 2022 நெருக்கடியைக் கண்டவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இறால் விலை கேட்டுத் திரும்பி வந்த நாட்களும் கொப்பியில் உள்ளன.

ஆவணியிற் பரிசோதனை எண் 5.9. மார்கழியில் 6.0, வீட்டில் ஒரு திருமணம் நடந்த மாதம் அது. சென்ற வெள்ளி நிறை 79.8 கிலோ. அதன் கீழே மகளின் கையெழுத்தில், "பெரியம்மா 71.2" என்று இன்னொரு வரியும் காணப்படுகின்றது. இப்பொழுது கொப்பி இருவருக்கும் பொது. ஞாயிறுதோறும் அது பாலங் கடந்து சென்று வருகின்றது.