வெயிலில் வந்த நத்தார்

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பனி. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எம்மவர் பனியைப் பற்றி எழுதி எழுதி, அதை ஆறாந்திணை என்று பேசும் நிலையும் உருவாகிவிட்டது. 1990களில் எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த புகலிடச் சிறுகதைகளின் பெயரே 'பனியும் பனையும்'. ஆனால் அந்த எஸ்.பொ. வாழ்ந்ததோ சிட்னியில். அவரைப் போலப் பூமிப்பந்தின் தென்பாதிக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு வாய்த்தது பனியல்ல, வெயில். அதுவும் மார்கழி மாதத்து வெயில்.

தமிழகத்து வாசகர்கள் கிறிஸ்துமஸ் என்பதை ஈழத்தில் நாங்கள் நத்தார் என்போம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் எங்கள் நாவில் இவ்வாறு படிந்துவிட்டது. நான் கிறிஸ்தவன் அல்லன். எனினும் டிசம்பர் பிறந்தால் 1995ஆம் ஆண்டு மெல்பனில் ஒரு குடும்பம் கொண்டாடிய நத்தார் எனது நினைவுக்கு வந்துவிடும்.

அதற்கு முன்னர் எனது கதையையும் சொல்லிவிடுகின்றேன். நான் இந்த நகருக்கு வந்தது 1989இல். அந்த ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி காலையில், அறையில் பாண் தீர்ந்துவிட்டதைக் கண்டு கடைக்குப் புறப்பட்டேன். வெயில் சுட்டது. தெருவில் ஒரு மனிதரும் இல்லை, ஒரு வாகனமும் இல்லை. கடைகள் யாவும் பூட்டிக் கிடந்தன. கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் காலம் கழித்தவனுக்கு முதலில் எழுந்த ஐயம், 'ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்களோ?' என்பதுதான். பிறகுதான் விளங்கியது. இந்நாட்டில் அன்றைய தினம் எல்லோரும் வீட்டுக்குள் தத்தம் குடும்பத்துடன் இருப்பார்கள். குடும்பம் இல்லாதவனுக்கு அதைவிட நீண்ட பகல் வேறில்லை. டிசம்பரில் இங்கு இரவு எட்டரை மணி கடந்துதான் சூரியன் மறையும்.

இனி அந்தக் குடும்பத்திற்கு வருகின்றேன்.

நண்பர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஆசிரியராகப் பணியாற்றியவர். 1993இல் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்து, வன்னி வழியாகக் கொழும்பு வந்து, ஒரு லொட்ஜில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 1995 ஜூன் மாதம் மெல்பன் வந்து சேர்ந்தார். தாயார் மட்டும், "கோயிலையும் வீட்டையும் விட்டிட்டு வரமாட்டன்" என்று சொல்லி ஊரிலேயே இருந்துவிட்டார்.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை வாசகர்கள் அறிவர். ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தின் மீது விமானப்படை குண்டு வீசியதில், அங்கு தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். டிசம்பர் முதல் வாரத்தில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்குச் சென்றது. தாயாரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை.

"இந்த வருசம் நத்தார் வேண்டாம் அண்ணை. அம்மா எந்த மரத்துக்குக் கீழ இருக்கிறாவோ தெரியாது. நான் இஞ்சை இருந்து கேக் வெட்டுறதோ?" என்றார் நண்பர்.

அவரது துணைவியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்கை செல்லடிக்குள்ளையும் நாங்கள் நத்தாரை விடேல்லை. இஞ்சை சத்தமில்லாத இடத்திலை இருந்துகொண்டு விடுறதோ?" என்றார்.

இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பண்டிகைக்குச் சில நாட்கள் முன்னர் எங்கள் புறநகர்ப் பூங்காவில் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடும் நிகழ்ச்சி நடந்தது. இது மெல்பனில் 1938இல் நோர்மன் பேங்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் தொடங்கிவைத்த வழக்கம். வெளியில் இருந்து பாடுவதற்குக் கோடை இரவு தோதானது என்பதால், பின்னர் நாடெங்கும் பரவியது. அந்தக் குடும்பத்தையும் அழைத்துச் சென்றேன். இருட்டத் தொடங்கியதும் புல்வெளியில் அமர்ந்திருந்தவர்கள் ஒருவர் திரியிலிருந்து மற்றவர் ஏற்றிக்கொண்டார்கள். எட்டு வயது மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இஞ்சையும் கறண்ட் இல்லையோ?" என்று கேட்டான்.

1990இன் பின்னர் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான நாட்களில், ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு எரித்த விளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை அவன். விரும்பி ஏற்றும் விளக்கை அவன் அதுவரை கண்டதில்லை. நண்பர் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பும்போது, "பலகாரம் சுடுவம்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

நத்தார் தினத்தன்று நானும் அங்கு சென்றிருந்தேன். வெக்கை தாங்காமல் யன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் மரத்தில் பிள்ளைகள் பஞ்சைப் பிய்த்து ஒட்டியிருந்தார்கள், பனியாம். வெளியே புல் கருகிக் கிடந்தது. மகள், "நத்தார் பாப்பாவுக்கு இந்த வெயிலுக்கை அந்தக் கோட்டுப் போட்டால் வேர்க்காதோ?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்திலும் இதைத்தானே செய்தோம்? அங்கு சவுக்கங்கிளையை வெட்டி வந்து பஞ்சு ஒட்டினோம். அந்தச் சவுக்கு மரத்தின் பூர்வீகங்களில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. எங்களுக்கு ஒருபோதும் பனி இருந்ததில்லை. இருந்தது வாடைக்காற்றும் மார்கழி மழையும், நள்ளிரவுப் பூசைக்குப் போகும் வழியில் காலில் ஒட்டும் ஈரமண்ணும்தான். ஐரோப்பியர் தமது குளிர்காலத்தை வாழ்த்து அட்டைகளில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பிவைத்தனர். நாங்கள் அதைப் பஞ்சால் நிரப்பிக்கொண்டோம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இடையர்கள் இரவில் வயல்வெளியில் மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் உள்ளது. பனி பெய்ததாக ஒரு சொல்லும் இல்லை.

நண்பகலில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு இத்தாலிய மூதாட்டி. கையில் ஒரு கிண்ணம் நிறையச் செரிப் பழங்கள். இங்கு அவை பழுப்பது நத்தார்க் காலத்தில்தான். அவர் 1950களில் கப்பலில் வந்தவர். தமது முதலாவது நத்தாரில் வெயிலைப் பார்த்து அழுததாகவும், அன்று தமது கதவை எவரும் தட்டவில்லை என்றும் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். நண்பரின் துணைவியார் பயித்தம்பணியாரமும் முறுக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார். முறுக்கைக் கடிக்கப் பல் இல்லையென்று அவர் சிரித்தார். அந்த வீட்டில் அன்று எழுந்த முதற்சிரிப்பு அது.

மறுநாள் மெல்பன் கிரிக்கெட் மைதானத்தில் இலங்கை அணியின் டெஸ்ட் போட்டி. வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். நண்பர் அந்த அணியின் ஆதரவாளர் அல்லர். ஆயினும் கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் என்ற தமிழ் இளைஞர் பந்து வீசுகையில், எறிகிறார் என்று கூறி நடுவர் ஏழு தடவை 'நோபோல்' கொடுத்தபோது அவரது முகம் சுருங்கிவிட்டது. "எங்கட கை இவையளுக்குக் கோணலாத்தான் தெரியும்போல" என்றார். பிறவியிலேயே முழுமையாக நீளாத முழங்கை முரளிக்கு. 1996இல் சோதனைகளின் பின்னர் சர்வதேச கிரிக்கெட் சபை அவரைப் பந்துவீச அனுமதித்தது. 2010இல் 800 விக்கெட்டுகளுடன் அவர் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

அன்று நண்பர் சொன்னதை நான் பருவங்களுக்கும் பொருத்திப் பார்ப்பதுண்டு. தென்பாதியில் நத்தார் 'தலைகீழாக' வருகிறது என்கிறார்கள். யாருடைய அளவுகோலில் தலைகீழ்? தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். எங்கள் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். ஆங்கிலேயர் நான்கு பருவங்களைக் கொண்டுவந்து இங்கு தலைகீழாகப் பொருத்தினர். ஆனால் மெல்பன் நிலத்தின் பூர்வகுடிகளான கூலின் மக்களோ இந்த மண்ணையும் செடிகொடிகளையும் பார்த்து ஏழு பருவங்கள் வகுத்திருந்தனர். அவர்களது கணக்கில் டிசம்பர், கங்காரு ஆப்பிள் என்னும் செடியின் பருவம். இந்த நிலத்திற்கு அது தலைகீழும் அல்ல, தவறும் அல்ல. நாங்கள்தான் தவறான நாட்காட்டியுடன் வந்து இறங்கியிருக்கின்றோம்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. மார்கழித் திருவெம்பாவைக்கு இங்கு குளிர் இல்லை. தைப்பொங்கல் கடுங்கோடையில் வருகிறது. முற்றத்தில் நெருப்பு மூட்டக் கூடாதென்று தடை விதிக்கும் நாட்களும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு இலையுதிர் காலத்தில் பிறக்கிறது. ஆடிக்கூழ் குடிக்கும்போது பற்கள் கிடுகிடுக்கின்றன. ஆனாலும் பொங்குகின்றோம், கூழ் காய்ச்சுகின்றோம். பொழுது கைவிட்டாலும் பண்டிகை நிற்பது, அதைச் சேர்ந்து கொண்டாட இன்னொருவர் இருப்பதனால்தான் என்பது எனது துணிபு.

1996 மார்ச் மாதம், நண்பரின் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் இருந்து எழுதி, பல கைகள் மாறி வந்த கடிதம். நத்தார்ப் பூசை மாமரத்தின் கீழ் நடந்ததாகவும், மழைக்கு எல்லோரும் ஒரு படங்கைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் எழுதியிருந்தார். தமது துன்பங்களைப் பற்றி அவ்வளவுதான். மிகுதியெல்லாம் கேள்விகள். 'பிள்ளையளுக்குப் புதுச்சட்டை எடுத்தனீங்களோ? பயித்தம்பணியாரம் சுட்டனீங்களோ? அங்கை கோயில் கிட்டவோ?'

நண்பர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "நல்லகாலம் அண்ணை, சுட்டனாங்கள்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அன்று நத்தாரை அவர் விட்டிருந்தால், அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் எழுதியிருப்பார்?

ஊர் துன்பத்தில் இருக்கும்போது புகலிடத்தில் கொண்டாடலாமா என்ற விவாதம் எங்களிடையே பல தசாப்தங்களாக நடந்து வருகின்றது. படாடோபம் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளைகளின் கையில் ஒரு பணியாரத்தை வைப்பது துரோகம் ஆகாது. ஊரில் மரத்தடியில் நின்றவர் அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று எங்கள் சங்கங்கள் பெரிய மண்டபங்களில் ஒளிவிழாவும் பொங்கல் விழாவும் நடத்துகின்றன. நல்லதுதான். ஆயினும் மண்டபத்திற்கு வருபவர் ஏற்கனவே நாலுபேரை அறிந்தவர். கடந்த மாதம் வந்து இறங்கி, வெறிச்சோடிய தெருவை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பவரை எந்த அழைப்பிதழும் சென்றடைவதில்லை. அவர் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அந்த இத்தாலிய மூதாட்டி இன்று இல்லை. நண்பரின் வீட்டில் டிசம்பர் 25ஆம் திகதி நண்பகலில், அந்த ஆண்டு புதிதாக வந்த ஒருவராவது சாப்பாட்டு மேசையில் இருப்பார். சில ஆண்டுகள் ஒரு குடும்பமே இருக்கும். மேசையில் செரிப் பழமும் இருக்கும், பயித்தம்பணியாரமும் இருக்கும்.

உங்கள் தெருவுக்கும் இந்த ஆண்டு எவரேனும் புதிதாக வந்திருக்கக்கூடும். அன்றைய தினம் போய்க் கதவைத் தட்டுங்கள்.