வலைவாயில் மாற்றமும் விதிப்பட்டியலும்

தம்பானூர் புகைவண்டி நிலையத்திற்கு 1931-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது மீட்டர் கேஜ் பாதையாகும். 1976-இல் அது அகலப்பாதையாயிற்று. பயணிகளும் சரக்கும் மாறவில்லை. எனினும் பழைய பெட்டிகள் புதிய தண்டவாளத்தில் ஓட இயலவில்லை. பள்ளியிலோ அலுவலகத்திலோ இணையத்தின் வாயிலைக் காக்கும் பயர்வாலை மாற்ற முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மாற்றத்திற்குக் காரணம் எப்போதும் கருவியின் பழுதன்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற அதே 2001-ஆம் ஆண்டில், ஓப்பன்பிஎஸ்டி இயக்க முறைமையினர் தாம் கையாண்டு வந்த ஐபிஃபில்டரை நீக்கினர். அதனைத் திருத்தி வழங்கும் உரிமை தெளிவாக அளிக்கப்படாமையே காரணம். டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப் என்னும் புதிய பயர்வால் அவ்வாண்டு டிசம்பரிலேயே வெளிவந்தது. பழைய விதிகளின் நடையை அது பெரிதும் ஒத்திருந்தமையால் பயன்படுத்துவோர்க்கு இன்னல் குறைந்தது. பிஎஃப்சென்ஸும், அதினின்று 2015-இல் பிரிந்த ஓபிஎன்சென்ஸும் இந்த பிஎஃப்பையே அடித்தளமாகக் கொண்டவை.

எல்லா மாற்றமும் இவ்வளவு எளிதன்று. லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகளை மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் விதியின்படியே முடிவு செய்கிறது. பிஎஃப்போ, ‘குவிக்’ என்னும் சொல் இடப்படாவிடில், இறுதிவரை படித்துக் கடைசியாகப் பொருந்திய விதியையே ஏற்கும். ‘இன்ன முகவரியைத் தடுக்க, பிற அனைத்தையும் விடுக’ என்னும் இரு வரிகளை அப்படியே பெயர்த்தெழுதினால், ஐபிடேபிள்ஸ் தடுத்த முகவரி பிஎஃப்பில் தாராளமாக உள்ளே வரும். எச்சரிக்கை மணி எதுவும் ஒலிக்காது. இணையம் நன்கு வேலை செய்வதால் எவரும் ஐயுறவும் மாட்டார். மாணவர் பதிவேடுகள் உள்ள கணிப்பொறி வெளியாருக்குத் திறந்து கிடக்கும்.

ஆகவே, மாற்றம் முழுவதையும் பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் முறையாகாது. ஒவ்வொரு விதியும் எதற்காக, எவர் கேட்டு இடப்பட்டது என்பதை அலுவலகத்தாரே தாய்மொழியில் தாளில் எழுதுதல் வேண்டும். காரணம் கூற இயலாத விதிகள் பல அப்பொழுது வெளிப்படும். அவற்றைப் புதிய பொறிக்குச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. பணியை விடுமுறை நாளில் செய்து, பழைய பொறியைச் சில வாரங்கள் கழற்றி எறியாது வைத்திருப்பது நன்று. சோதனையில், வரவேண்டியது வருகிறதா என்பதோடு, வரக்கூடாதது நிற்கிறதா என்பதையும் வெளி இணைப்பு ஒன்றிலிருந்து முயன்று பார்த்தல் வேண்டும். இந்த இரண்டாம் சோதனையே பெரும்பாலும் விடுபட்டுப்போவது.