விடாப்பிடி மருந்து

மருந்து பற்றுவதை நாம் வினவுகிறோம். எப்போது விடுகிறதென்றும் வினவுதல் வேண்டும். 1940இல் நியூ ஜேர்சியில் வாக்ஸ்மனின் ஆய்வுகூடம் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து அக்டினோமைசினைப் பிரித்தெடுத்தது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் முறுக்கேணியின் படிகளிடையே அது செருகிக்கொள்ளும். அவ்வாறே செருகும் புரோபிளேவின் என்ற சாயம் செக்கனொன்றின் சிறு பின்னத்திற் கழன்றுவிடும். அக்டினோமைசினோ பல நிமிடம் நிற்கும் என்பதை 1968இல் மியுலரும் குரொதர்சும் அளந்து காட்டினர். அதன் இரு பெப்டைட்டு வளையங்களும் ஏணியின் பள்ளத்தை இறுகப் பற்றியிருத்தலே காரணம். அதனாற் செய்தியைப் படியெடுக்கும் நொதியம் வழியிலே தடைப்படுகிறது. நலமுள்ள கலத்தையும் அப்பிடி விட்டுவைப்பதில்லை; ஆதலின் சாதாரணத் தொற்றுக்கு அதனைக் கொடுப்பதில்லை. ஆயினும் சிறுவரின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருத்துவர் இன்றும் அதனை அளந்து வழங்குகின்றனர். கொல்லும் அப்பிடியே குழந்தையைக் காக்கவும் செய்கிறது.