புதுமுகத்துக்குப் பரிசு: கைதட்டலா, கணக்கா?

சினிமாவில் புதுமுகம் உண்டு. அதுபோலப் பந்தாட்டத்திலும் புதுமுகம் உண்டு.

அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறார்கள். மாதர் தேசியக் கூடைப்பந்து சங்கம் என்ற அமைப்பு 1997-ம் ஆண்டு முதல் இந்தப் பந்தயங்களை நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் புதிதாக ஆட வந்த பெண்களில் யார் சிறந்தவர் என்று பார்த்து, "சிறந்த புதுமுகம்" என்ற பரிசும் கொடுக்கிறது. பத்திரிகைக்காரர்களும் ஒலிபரப்பாளர்களும் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2024-ம் ஆண்டு அந்தப் பரிசு யாருக்கு என்பதில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

"எங்கோ நடந்த வாக்குவாதம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். திருவண்ணாமலையில் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பும் தாய் தந்தையருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் கதையைக் கேளுங்கள்.

இரண்டு பெண்கள்

ஒருவர் கெயிட்லின் கிளார்க். இந்தியானா கோஷ்டியைச் சேர்ந்தவர். மற்றவர் ஏஞ்சல் ரீஸ். அப்போது சிகாகோ கோஷ்டியில் ஆடியவர்.

இருவரும் காலேஜில் படித்தபோதே எதிர் எதிராக நின்றவர்கள். 2023-ல் காலேஜ் பெண்களுக்கான இறுதிப் பந்தயத்தில் ரீஸின் கோஷ்டி 102 புள்ளி எடுத்தது. கிளார்க்கின் கோஷ்டி 85 புள்ளி எடுத்தது. அன்று வெற்றி ரீஸுக்கு. மறு ஆண்டு இருவரும் ஒரே சமயத்தில் சம்பள ஆட்டத்துக்கு வந்தார்கள். பழைய போட்டி புதிய இடத்திலும் தொடர்ந்தது.

கிளார்க் 40 பந்தயங்களில் 769 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் எந்தப் புதுமுகமும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. அது மட்டுமா? தன் தோழிகள் கூடையில் போடும்படி 337 தடவை பந்தை அனுப்பிக் கொடுத்தார். ஒரே ஆண்டில் இவ்வளவு பந்தை, பல வருஷம் பழகிய ஆட்டக்காரிகள்கூட அதற்கு முன் கொடுத்ததில்லை.

ரீஸ் வேறு ரகம். கூடைக்குக் குறி வைத்து எறிந்த பந்து சில சமயம் தவறும். வளையத்தில் பட்டுத் துள்ளும். உடனே பல கைகள் பாயும். அந்த நெரிசலில் புகுந்து பந்தைப் பிடிப்பது லேசான காரியம் அல்ல. ரீஸ் ஒரு பந்தயத்துக்குச் சராசரி 13.1 தடவை பிடித்தார். அதற்கு முன் எவரும் எட்டாத சராசரி அது. தொடர்ந்து 15 பந்தயங்களில் அவர் எடுத்த புள்ளியும் பத்துக்குக் குறையவில்லை. பிடித்த பந்தும் பத்துக்குக் குறையவில்லை.

செப்டம்பர் மாதம் அவருக்கு மணிக்கட்டில் காயம் பட்டது. 34 பந்தயங்களோடு அவர் ஆட்டம் நின்றது.

இரு தரப்பு வாதம்

"பரிசு கிளார்க்குக்குத்தான். 2023-ல் இந்தியானா கோஷ்டி 40 பந்தயங்களில் 13-ல்தான் ஜெயித்தது. இவர் வந்த ஆண்டு 20-ல் ஜெயித்தது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்றார்கள் ஒரு தரப்பார்.

"கிளார்க்குக்கு விளம்பரம் அதிகம். அவர் ஆட்டத்தைப் பார்க்க இந்தியானாவில் 17 ஆயிரம் பேர் கூடுகிறார்கள். கைதட்டலைப் பார்த்துப் பரிசு கொடுப்பதா? அவர் 223 தடவை பந்தை எதிரியிடம் பறிகொடுத்தாரே, அதை யாரும் ஏன் பேசுவதில்லை?" என்றார்கள் மறு தரப்பார்.

67 பேர் ஓட்டுப் போட்டார்கள். கிளார்க்குக்கு 66. ரீஸுக்கு 1.

நமது கருத்து என்ன? பரிசு சரியானவருக்கே போயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளார்க் தானே எடுத்தது 769 புள்ளி. அவர் கொடுத்த 337 பந்துகளும் கூடையில் விழுந்தவை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2 புள்ளி. ஆக 674. இரண்டையும் கூட்டினால் 1,443. பறிகொடுத்த பந்துகள் குறைதான். ஆனால் பந்தை ஓயாமல் கையில் வைத்திருப்பவரிடம்தான் அந்தக் குறையும் அதிகம் இருக்கும். ரீஸ் பிடித்த பந்துகளோ கோஷ்டிக்குச் சந்தர்ப்பத்தைக் கொடுத்தன. அவை எல்லாமே புள்ளியாகிவிடவில்லை.

கூட்டம் சேர்ந்தது என்பதற்காகப் பரிசு கொடுப்பது தவறு. கூட்டம் சேர்ந்தது என்பதற்காகவே பரிசை மறுப்பதும் தவறு.

ஆனால் ரீஸுக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு இருக்கிறதே, அதை வீண் என்று நாம் சொல்ல மாட்டோம்.

நெய் சுமந்தவர்கள்

நம் ஊரில் கார்த்திகை தீபத்தன்று என்ன நடக்கிறது? 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் எரிகிறது. லட்சக்கணக்கான ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறார்கள். கொப்பரையையும் நெய்யையும் தோளில் சுமந்து மலை ஏறியவர்களைக் கீழே நிற்பவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் ஏறாவிட்டால் தீபம் ஏது?

கூடைப்பந்தும் அப்படித்தான். பந்து கூடையில் விழுந்ததும் கைதட்டுகிறோம். அந்தப் பந்தை நெரிசலில் பிடித்தவள் யார், பார்த்துக் கொடுத்தவள் யார் என்று கேட்பதில்லை.

அமெரிக்காவில் அதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைக்கிறார்கள். அதனால்தான் வாக்குவாதத்துக்கு ஒரு முடிவு கிடைத்தது. அதனால்தான் ரீஸ் செய்த வேலையும் மறைந்து போகவில்லை.

இன்னொரு அத்தாட்சி பாருங்கள். 2025-ல் டல்லாஸ் கோஷ்டி 44 பந்தயங்களில் 34-ல் தோற்றது. பரிதாபமான நிலை. ஆனால் "சிறந்த புதுமுகம்" யார்? அதே டல்லாஸ் கோஷ்டியில் ஆடிய பெய்ஜ் பியூக்கர்ஸ்! 72 ஓட்டுகளில் 70 ஓட்டு அவருக்கு விழுந்தது. கோஷ்டி தோற்றாலும் நல்ல ஆட்டக்காரி தோற்கவில்லை. கணக்கு அவரைக் காப்பாற்றியது.

நம் பெண்கள்

கூடைப்பந்தில் நம் பெண்கள் இளைத்தவர்கள் அல்ல.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தெற்கு ரெயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். 19 வயதிலேயே இந்தியக் கோஷ்டிக்குத் தலைவி ஆனார். 9 ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கேரளத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸும் சென்னையில் தெற்கு ரெயில்வேக்காக ஆடியவர்தான். 2011-ல் அமெரிக்க மாதர் சங்கத்தின் மூன்று கோஷ்டிகள் அவரை அழைத்துப் பரீட்சை செய்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வாசல் வரை போனார் என்பதே பெருமை. 2014-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

இவர்களும் ஒரு நாள் புதுமுகங்களாக இருந்தவர்கள்தானே? அந்த முதல் வருஷத்தில் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன செய்யலாம்?

முதலமைச்சர் கோப்பைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பந்தயங்கள் நடக்கின்றன. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலும் நடக்கின்றன. கூடைப்பந்துக்கு உலகம் முழுவதும் உள்ள அதிகாரபூர்வமான ஆட்டத் தாளில், யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை தவறு என்று எழுத இடம் உண்டு. பந்தைப் பிடித்தவளுக்கும் கொடுத்தவளுக்கும் அதில் இடம் இல்லை.

அந்த இடத்தை நாமே உண்டாக்கலாம். பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் மூன்று பத்திகள். போட்ட புள்ளி, பிடித்த பந்து, கொடுத்த பந்து. அன்று ஆடாத மாணவி ஒருத்தி உட்கார்ந்து எழுதலாம். பருவ முடிவில் கூட்டிப் பார்த்து, புதிதாக வந்த பெண்களில் ஒருத்திக்குப் பரிசு கொடுக்கலாம். ஒரு ஜோடி காலணியானாலும் போதும். அமெரிக்காவில் கிளார்க்குக்குக் கிடைத்த பரிசுப் பணமே 5,150 டாலர்தான். பரிசின் மதிப்பு பணத்தில் இல்லை.

இதனால் என்ன லாபம்?

பெண் வளர்ந்ததும் வீட்டில் பேச்சு எழும். "விளையாடியது போதும், படிப்பைப் பார்" என்பார் தகப்பனார். அவரைக் குறை சொல்லக் கூடாது. மகளுக்கு உண்மையில் திறமை இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெறும் கைதட்டலை நம்பி அவர் மகளின் எதிர்காலத்தை முடிவு செய்ய முடியாது. எழுதி வைத்த கணக்கைக் கையில் கொடுத்தால் பார்ப்பார். யோசிப்பார். முடிவு எதுவானாலும், விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

உடற்பயிற்சி ஆசிரியர்கள் வருகிற பருவத்திலேயே அந்த நோட்டைத் தொடங்க வேண்டும். மாவட்டப் போட்டிகளை நடத்துவோர் அதைப் பார்த்து ஒரு புதுமுகப் பரிசை அறிவிக்க வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் ஆட்டம் முடிந்து வீடு திரும்பினால், "எத்தனை புள்ளி போட்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை பேருக்குப் பந்து கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.