கொசுவலையும் குடலும்

எங்கள் ஸ்ரீபெரும்புதூர் வீட்டு மாடி போர்ஷன் பையனுக்கு ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு வாரமாகப் படியேறும்போது ஒரு கையை இடுப்போரம் அழுத்திக்கொண்டே ஏறினான்.

"என்னப்பா, பாக்கெட்ல அவ்வளவு பணமா?"

அசடு வழிந்தான். "கேஸ் சார். இருமினா தொடை மடிப்புல எலுமிச்சம்பழம் மாதிரி வருது. படுத்தா போயிடுது."

கேஸாவது, மண்ணாவது! அதே எலுமிச்சம்பழத்தை இரண்டு வருஷம் வேட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த அனுபவஸ்தன் நான். ஒரு ராத்திரி அது உள்ளே போக மறுத்தது. கல் மாதிரி கெட்டி, உயிர் போகிற வலி, வாந்தி. சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் அழுகிவிடுமாம். 108-ல் ஓடி, அவசர ஆபரேஷனில் பிழைத்தேன்.

வயிற்றுச் சுவர் நைந்த இடத்தில் குடலோ கொழுப்போ வெளியே எட்டிப் பார்ப்பதுதான் ஹெர்னியா. ஆண்களில் சுமார் நாலு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும். இதில் வெட்கமென்ன?

"மாத்திரையில சரியாகாதா சார்?"

"கிழிஞ்ச வேட்டி மாத்திரைக்கு ஒட்டுமா? தைக்கணும்ப்பா."

இத்தாலி டாக்டர் பாஸினி 1880-களில் தசையை இழுத்துத் தைத்தார். இழுத்த தையல் சிலருக்கு விட்டுப்போனது. அமெரிக்காவின் லிக்டென்ஸ்டைன் 1980-களில் இழுக்காமல், வலை வைத்து ஒட்டுப் போட்டார். வலைதான் விலை ஜாஸ்தி. மகாராஷ்டிராவில் தோண்டாயிச்சா என்ற சின்ன ஊரின் டாக்டர் டோண்காவ்கர், 1990-களில் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்துத் தைத்தார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் இரண்டு வலைகளையும் ஒப்பிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்தும் பெரிய வித்தியாசமில்லை! எங்கள் வீட்டுக் கொசுவலையில் கொசுவே நிற்பதில்லை. அங்கே குடலே நிற்கிறது. (அதற்காக வீட்டு வலையைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடாதீர்கள்!)

பையன் கடைசியில் உண்மையைச் சொன்னான். "லீவு போட்டா சம்பளம் போயிடும் சார். ஊருக்கு என்னத்த அனுப்புறது?"

"இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?"

"ஆமா சார்."

"அப்புறமென்ன? தகுதி இருந்தா ஆபரேஷனுக்குக் காசில்லை. டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் நூத்துக்கு எழுபது சம்பளமும் வரும். இப்பவே செய்யலாமா, கொஞ்சம் பொறுக்கலாமான்னு டாக்டர் சொல்லட்டும். நீயா முடிவு பண்ணாதே."

மறுநாள் வந்து நின்றான். "டாக்டர் தேதி கொடுத்துட்டார் சார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"முதல்ல அவங்ககிட்டதான் சொல்லணும். ஒளிச்சு வெச்சா வட்டி ஏறுறது கடனுக்கு மட்டும் இல்லப்பா!"